‘முடிஞ்சிருச்சா?’ என்று கேட்டவர்

“கெர்னல் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?” என்று நேர்முகத் தேர்வில் கேட்டோம்.

“எங்கப்பா கெர்னல்லதான் வேல செஞ்சாரு” என்றார் அவர்.

அதுவரை எல்லாக் கேள்விகளுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், இதை மட்டும் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ் சீனர். என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. அவர் காஹாங் என்ற ஊரில் பிறந்தவர் என்று விண்ணப்பத்தில் இருந்தது. அங்கே சுற்றிலும் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டங்கள். பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் கொட்டையை உடைத்து எடுக்கிற பருப்புக்கு ஆலைக்காரர்கள் கெர்னல் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் கேட்டது வேறு கெர்னல். கணினியின் இயங்குதளத்துக்கு நடுவே இருந்துகொண்டு, மற்ற எல்லா நிரல்களையும் கட்டி மேய்க்கிற நிரலுக்கும் அதே பெயர்.

விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படிப் புரிந்துகொண்டாரா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பாஸ் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார். அதற்கு அவர் சொன்ன பதிலில் பாஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த வாரமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டோம்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இந்தப் பக்கத்தில் பலருக்கு யாரென்று தெரிந்துவிடும். பிரிவுக்கு நான்தான் தலைவர் என்றாலும் அவர் என்னைவிட மூத்தவர். அதனால் எனக்கு அவர் அக்கா. நான் அவருக்குத் தம்பி, பாஸ் எதிரில் இருந்தாலும். எங்களோடு இருந்த ஃபைசாலுக்கு அவர் ‘காக்’. மலாயில் அதுவும் அக்காதான்.

நாங்கள் இருந்தது செனாய் தொழிற்பேட்டையில். ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனி. சுவரில் மாட்டுகிற பெட்டி. முகப்பில் ஒரு சின்னத் திரை, உள்ளே ஒரு சின்னக் கணினி. பம்பை எப்போது ஓட்டுவது, பெல்ட்டை எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அந்தப் பெட்டியின் பொறுப்பு. அதற்குள் ஓடுகிற கெர்னலை நாங்கள் அடிக்கடி மாற்றுவோம். மாற்றிய ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். அதற்காக ஒரு பெரிய கணினிக்குள்ளே, மென்பொருளால் மட்டுமே ஆன பொய்க் கணினிகளை உண்டாக்குவோம். எங்கள் பேச்சில் அவை வி.எம். ஒரு வி.எம். எழும், புதுக் கெர்னலை ஓட்டும், சோதனைகளைச் செய்யும். முடிந்ததும், ஸ்கிரிப்ட் என்று நாங்கள் சொல்கிற ஒரு சின்ன நிரல் அதனிடம் ‘அணைந்துகொள்’ என்று சொல்லும். அது அணைந்ததும் அடுத்தது எழும். ஆள் யாரும் தொடாமலே நாள் முழுக்க இது நடக்கும்.

ஒரே ஒரு தொல்லை. சில வி.எம்.கள் அணையாது. சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியிருக்கும். அணையச் சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். எங்கள் ஸ்கிரிப்ட் பத்து நிமிடம் பார்க்கும். பிறகு வலுக்கட்டாயமாக முடித்துவிடும். அந்தக் கட்டளைக்குப் பெயரே ‘கொல்’ என்பதுதான். கொன்றுவிட்டு, சோதனைகள்தான் தேறிவிட்டனவே என்று முடிவில் பச்சை நிறம் காட்டும். அவர் வரும்வரை எங்களில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

வந்த முதல் வாரத்தில் என் மேசைக்கு வந்து நின்றார்.

“தம்பி, இது கொன்னுட்டுப் பச்ச போடுதே. ஏன்?”

“டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிருச்சுக்கா. ஷட்டவுன்ல சும்மா மாட்டிக்கும். வி.எம். தானே.”

“முடிஞ்சிருச்சா, இல்ல நிறுத்திட்டோமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே லா?”

அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். மறுநாள் காலை வந்து பார்த்தால் முடிவுப் பலகையில் எங்கு பார்த்தாலும் மஞ்சள். தேறியது பச்சை, தோற்றது சிவப்பு என்று இரண்டே நிறம் இருந்த இடத்தில், ‘தேறியது, ஆனால் அணையவில்லை’ என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்.

“அலமாக், காக்! நேத்து வரைக்கும் நல்லா இருந்த வேல இது” என்றான் ஃபைசால்.

“இப்பவும் நல்லாத்தான் இருக்கு. மஞ்சளா இருக்கு” என்றார்.

எதையும் முடியும்வரை பார்ப்பது அவர் சுபாவம். கேன்டீனில் கெட்டிலைப் போட்டால், அது கொதித்து டக்கென்று தானே அணையும்வரை அதன் எதிரிலேயே நிற்பார். காரை நிறுத்தினால், எஞ்சினுக்குள் காற்றாடி சத்தம் ஓய்ந்த பிறகுதான் இறங்குவார். ஸ்கூடாயில் எங்கள் கூட வேலை செய்த ஒருவரின் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு, மொய் எழுதி, எல்லோரும் கிளம்பியாயிற்று. மண்டபத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகும் இவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா பதறிப்போய் வந்து, “ஏதாச்சும் வேணுமாம்மா?” என்று கேட்டார்.

“முடிஞ்சிருச்சா?” என்றார் இவர்.

“எப்பவோ முடிஞ்சிருச்சேம்மா.”

“சரி, அப்ப வரோம்” என்று எழுந்தார். என் மனைவி அன்றிலிருந்து, அவரோடு எங்கேயும் போவதென்றால் தனி வண்டியில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள்.

இதை வைத்து அவரைப் பொறுமைசாலி என்று நினைத்துவிட முடியாது. மனிதர்களுக்காக அவர் ஒரு நொடி காத்திருந்து நான் பார்த்ததில்லை. ஃபைசாலும் அவரும் குலாயிலிருந்து ஒரே காரில் வருவார்கள். ஒருநாள் ஃபைசால் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவர, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வேர்க்க விறுவிறுக்க வந்தவன், “காக், என்னைக் கண்ணாடியில பாத்தீங்களா இல்லையா?” என்று கேட்டான்.

“பாத்தேன்.”

“அப்புறம்?”

“நீ எப்படியும் வந்துருவேன்னு தெரியும். வந்துட்டே இல்ல?”

கூட்டங்களில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போவார். தான் சொல்லும் கதைகளைக்கூட முடிக்க மாட்டார். “சின்னப்புள்ளையில ஒரு தடவ வெள்ளம் வந்துருச்சு. எங்கம்மா என்னையும் தம்பியையும் மேசைமேல ஏத்திட்டு, அவங்க மட்டும் வாசப்பக்கம் போனாங்க...” என்று ஆரம்பித்து, திரையில் ஏதோ கண்ணில் பட்டதும் திரும்பிக்கொண்டார். நான் “அப்புறம்?” என்றேன். “என்ன அப்புறம்?” என்று என்னையே கேட்டார். அவர் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சாப்பாட்டு டப்பாவில் அம்மா சமைத்ததென்று ஏதாவது இருக்கிறதா என்று சில நாள் கவனித்தேன். அதுவும் தெரியவில்லை.

ஃபைசால் ஒரு விளக்கம் வைத்திருந்தான். காஹாங்குக்குப் பக்கத்து ஊரான க்ளுவாங்கில் ஒருவர் சொன்னாராம்: அவர் அப்பாவின் கையை ஆலை இயந்திரம் தின்றுவிட்டது, நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை விட்டாராம், அது நிற்கவில்லையாம். கேட்டதும் எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது போலிருந்தது. மஞ்சள் நிறம், கெட்டில், கார் எஞ்சின், எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவரிடம் கொஞ்சம் மென்மையாகவே நடந்துகொண்டேன்.

தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கு எங்களைக் குலாய் வீட்டுக்கு அழைத்திருந்தார். கதவைத் திறந்தவர் அவர் அப்பா. இரண்டு கைகளாலும் ஃபைசாலின் கையைப் பிடித்து ஸலாம் கொடுத்தார். இடது கையில் தட்டு, வலது கையில் கரண்டி என்று ஆட்டுக்கறியை அள்ளி அள்ளி வைத்தார். ஃபைசால் சாப்பிடாமல் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, என் கையில என்ன இருக்கு?” என்றார் பெரியவர்.

திரும்பும்போது வாசலில் வைத்து அக்காவிடம் கேட்டேவிட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யாரு லா சொன்னா? எங்கப்பா லேப்ல பருப்ப எடை போட்டு ஈரம் பாத்தவரு. மெஷின் பக்கமே போனதில்ல. ஒரே ஒரு தடவ பலாப்பழம் வெட்டறப்ப...” என்றவர், தெருவில் யாரோ அழைக்கவும் போய்விட்டார். எனக்கிருந்த ஒரே விளக்கமும் போயிற்று.

மஞ்சள் விஷயத்துக்கு வருகிறேன். அத்தனை மஞ்சளுக்கும் காரணம் தேடி வாரக்கணக்கில் உட்கார்ந்தார். கடைசியில் கிடைத்த காரணம் எங்களுக்கே சங்கடமாக இருந்தது. வி.எம். பேசுகிற ஒவ்வொரு வரியையும் கேட்டுப் பதிவு செய்துகொள்ள எங்கள் ஸ்கிரிப்டில் ஒரு பகுதி உண்டு. ‘அணைந்துகொள்’ என்று சொன்னவுடன் அந்தப் பகுதி தன் வேலை முடிந்ததென்று கழன்றுகொண்டது. வி.எம். தன் கடைசி வரிகளைச் சொல்லப் பார்க்கும், வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது, சொல்லி முடிக்காமல் அணையவும் தெரியாது. அதனால் அப்படியே நின்றது.

பாஸுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்படின்னா கெர்னல்ல தப்பே இல்ல. நீங்க சோதிச்ச விதத்துலதான் தப்பு. இதுக்கா இத்தனை வாரம், மேடம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோபம் வந்தால்தான் அவருக்கு மேடம் வரும்.

“ஆமா” என்றார் அக்கா.

ஸ்கிரிப்டைத் திருத்தினோம். மஞ்சள்கள் மறைந்தன. பாஸ் அடுத்த வெளியீட்டுக்கு நாள் குறித்தார். ஒரு பெட்டி ஏற்கெனவே காஹாங் பக்கத்து செம்பனை ஆலை ஒன்றில் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆலை எங்கள் பெட்டிகளை மொத்தமாக வாங்குவதாகச் சொல்லியிருந்தது. எல்லாம் கூடிவருகிற நேரத்தில் ஒரு வியாழக்கிழமை காலை மீண்டும் ஒரு மஞ்சள் வந்தது. நூற்றுக்கணக்கில் ஒன்று.

இந்த முறை அவர் ஸ்கிரிப்டைக் கொல்ல விடவில்லை. அந்த வி.எம்.மைத் தனியே பிரித்து, அது பேசும் ஜன்னலை ஒரு திரையில் திறந்து வைத்தார். திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டினார். ‘ஜாங்கான் காச்சாவ்’ என்று மலாயில் எழுதியிருந்தது. தொந்தரவு செய்யாதீர்கள்.

“என்னக்கா பண்றீங்க?” என்றேன்.

“ஒண்ணும் பண்ணல. பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“எவ்ளோ நேரம்?”

“தெரியல தம்பி.”

உள்ளே எது மாட்டியிருக்கிறது என்று அதனிடமே கேட்கவும் வழியுண்டு. கேட்டார். வெளிக் கருவிகளோடு பேசுகிற டிரைவர் நிரல் ஒன்று எதற்கோ காத்திருக்கிறது என்று மட்டும் பதில் வந்தது. எதற்கு, எதுவரை என்று வரவில்லை. வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. பாஸ் இரண்டு முறை வந்து தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “திங்கட்கிழமை வெளியிடறோம். அதுக்குள்ள அத முடிச்சிடுங்க” என்று என்னிடம் சொன்னார். நான் அக்காவிடம் சொன்னேன். அவர் “நாளைக்கு” என்றார். சனி, ஞாயிறும் அது அப்படியே கிடந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட எனக்கு, அவர் வேலை பார்க்கிறாரா அல்லது அவருக்கு ஏதாவது கோளாறா என்றே சந்தேகம் வந்துவிட்டது. சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்தத் திரையின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்த விதம் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

திங்கட்கிழமை பிற்பகல் தேநீர் நேரம். ஃபைசால் கறிபாப் வாங்கி வந்திருந்தான். அக்கா ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்திவிட்டார். திரையில் புதிதாக ஒரு வரி. அதன்கீழ் இன்னொன்று. பிறகு மின்சாரம் துண்டிக்கப்படுவதாகச் சொல்லும் கடைசி வரி. ஜன்னல் மூடிக்கொண்டது.

“யாரு கொன்னது?” என்று நான் ஃபைசாலைப் பார்த்தேன். அவன் எண்ணெய்க் கைகள் இரண்டையும் தூக்கிக் காட்டினான்.

“யாரும் கொல்லல. அதுவா முடிச்சிக்கிச்சு” என்றார் அக்கா. அவர் முகம் வெளுத்திருந்தது.

‘ஹேங்’ ஆகித் தொங்கிப்போனது தானாக எழுந்து நடக்காது. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. நான்கு நாட்களாக உயிரில்லாமல் கிடந்தது தானாக முறைப்படி அணைந்துகொண்டதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. ஃபைசால்தான் சொன்னான்: “காக், அது தொங்கலன்னா? இவ்வளவு நாளும் காத்துக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னா?”

டிரைவரின் நிரலைத் திறந்து மூவரும் பார்த்தோம். பெல்ட்டில் போவதை எடை போட ஒரு எடைக் கருவி உண்டு, அதனோடு பேசுகிற கம்பிக்கான டிரைவர் அது. அணைவதற்கு முன் கடைசிச் செய்தியைக் கருவி வாங்கிக்கொள்கிறதா என்று சில நிமிடங்கள் பார்க்கும்படி எழுதியிருந்தார்கள். அதில் நேரத்தை ஆயிரத்தால் பெருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முறை பெருக்கியிருந்தார்கள். நிமிடங்கள் நாட்களாகிவிட்டன. மறுமுனையில் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் பிரச்சினையே வராது. ஆள் இல்லாவிட்டால், அந்த ஒரு வி.எம்.மில் ஆனது போல, நாள்கணக்கில் காத்திருக்கும். நாங்கள் பத்து நிமிடத்தில் கொன்றுகொண்டிருந்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை.

பாஸை அழைத்துக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது. ஆனாலும் அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. “வி.எம்.ல மறுமுனை பொய். நிஜப் பெட்டியில எடைக் கருவியோட கேபிள் எப்பவும் மாட்டித்தானே இருக்கும்? அடுத்த வெளியீட்டுல திருத்திக்கலாம்” என்றார்.

“எப்பவுமா?” என்று கேட்டார் அக்கா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஃபோனை எடுத்து, காஹாங் ஆலையின் ஃபிட்டரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசைமேல் வைத்தார்.

“அண்ணே, செனாய்லேருந்து பேசறேன். பெட்டிய எப்ப அணைப்பீங்க?”

“டெய்லி அணைப்போம் மேடம். ஷிஃப்ட் மாறறப்ப பெல்ட்ட தொடைக்கணும் இல்ல.”

“அணைக்கறதுக்கு முன்ன எடைக் கருவி கேபிள என்ன பண்ணுவீங்க?”

“கழட்டிருவோம். தண்ணி பட்டா போயிரும்னு உங்காளுதானே சொன்னாரு?”

அந்த ஆள் நான்தான். சரியாகத்தான் சொல்லியிருந்தேன், தண்ணீர் பட்டால் போய்விடும். பாஸுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

அந்தப் பெட்டியில் அணையும்போது முதலில் போவது திரை. பெல்ட்டை ஓட்டும் பகுதி கடைசியில்தான் அணையும். இடையில் மாட்டிக்கொண்டால் வெளியே இருந்து பார்ப்பவருக்குத் திரை கறுப்பாக இருக்கும், பெல்ட் நின்றிருக்கும். ஆனால் தொட்டியில் கொட்டை நிரம்பினால் பெல்ட் தானாக ஓட ஆரம்பிக்கும்.

“இப்ப என்ன பண்றீங்க அண்ணே?”

“இப்பத்தான் அணைச்சோம். ரெண்டு பொண்ணுங்க உள்ள தொடச்சிட்டு இருக்கு.”

“கைய எடுக்கச் சொல்லுங்க.”

“ஏன் மேடம்? ஸ்கிரீன் அணைஞ்சிருச்சே.”

“அண்ணே, முதல்ல வெளிய வரச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்.”

ஃபோனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் அவர் மலாயில் கத்துவதும், ஒரு பெண் ஏதோ திரும்பக் கேட்பதும், வாளி உருள்வதும் கேட்டன. அக்கா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டாங்க மேடம்.”

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும்தான்.”

“மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?”

“அது அந்தப் பக்கம் மேடம், கட்டடத்துக்கு வெளிய. அவ்ளோ தூரம் யாரு போறது...”

“நீங்க போங்க. போயி அணைச்சிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அவர் போய்த் திரும்பும்வரை நாங்கள் நால்வரும் அந்த மேசையைச் சுற்றி நின்றோம். வந்ததும் மூச்சு வாங்கியபடி, “அணைச்சாச்சு மேடம். இப்பத்தான் ஞாபகம் வருது. போன வாரம் ஒரு நாளு ஸ்கிரீன் இருட்டா இருக்கறப்பவே பெல்ட் கொஞ்சம் நகந்துச்சு. அந்தப் பொண்ணுங்க பேயின்னு கத்திக்கிட்டு ஓடுச்சுங்க. நாங்க சிரிச்சோம்” என்றார்.

“என்ன சொல்றார்?” என்று பாஸ் கேட்டார். தமிழ் ஓரளவு புரிந்த ஃபைசால்தான் சொன்னான்: “பெல்ட் தானா நகர்ந்திருக்கு, பாஸ்.”

பாஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வெளியீடு இல்லை என்றார். அந்த ஆலைக்கு அவரே ஃபோன் செய்து, பெட்டியைக் கழற்றி வைக்கச் சொன்னார். மொத்தமாக வாங்குவதாகச் சொன்னவர்கள் சில மாதம் எங்களோடு பேசவில்லை. பிறகு பேசினார்கள்.

அக்கா அந்த மஞ்சள் தாளைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஆறிப்போன கறிபாப்பைச் சாப்பிட்டார். எனக்கு அவரைப் பாராட்ட வேண்டும் என்றிருந்தது. போய்ச் சொன்னேன்.

“நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல தம்பி” என்றார். “ஃபைசால்தான் கண்டுபிடிச்சான். எனக்கு அத கொல்ல மனசு வரல, அவ்ளோதான்.”

“ஏன் வரல?”

“யாருக்கோ காத்துக்கிட்டு இருக்கற மாதிரியே இருந்துச்சு.”

“மெஷின் லா அக்கா.”

“தெரியும் லா.”

“ஒருவேள அது அணையாமலே இருந்திருந்தா? எவ்ளோ நாள் பாத்திருப்பீங்க?”

அந்தக் கேள்வி அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். “தெரியல” என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பயம் போல ஒன்று தெரிந்தது. எதற்குப் பயம் என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஸ்கிரிப்டை மாற்றி எழுதினோம். அணையாத வி.எம்.மை உடனே கொல்வதில்லை. யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று முதலில் அதனிடம் கேட்டுப் பதிவு செய்வது, அதன் கடைசிப் பேச்சைக் கேட்டு வைப்பது, பிறகே முடிப்பது. ஒரு மஞ்சள் இருந்தாலும் வெளியீடு கிடையாது. பாஸே அந்த விதியைப் போட்டார். எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் அக்கா வேலையை விட்டுவிட்டார். சிங்கப்பூரில் வேறு வேலை, தினமும் பாலத்தைக் கடந்து போய்வர வேண்டும் என்றார். சம்பளமா, இங்கே ஏதாவது மனத்தாங்கலா என்று கேட்டேன். “ரெண்டும் இல்ல. இங்க...” என்று ஆரம்பித்துவிட்டு, அந்த வாக்கியத்தையும் முடிக்கவில்லை. நாங்கள் கொடுத்த பிரியாவிடை விருந்தில் பாஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து, திருத்திய பெட்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்கக் காஹாங்குக்குப் போனேன். பெட்டியை ஃபைசால் முன்பே மாட்டிவிட்டு வந்திருந்தான். ஃபிட்டர் என்னைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய்த் தேநீர் வாங்கித் தந்தார்.

“அந்த மேடம் வந்திருந்தாங்க சார். புதுப் பெட்டி மாட்டின மறுநாளு, ஞாயித்துக்கிழம. அவங்கப்பாவும் கூட வந்தாரு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போது அவர் எங்கள் கம்பெனியிலேயே இல்லை. “எதுக்கு வந்தாங்க?”

“அதான் சார் எனக்கும் தெரியல. கேபிள கழட்டச் சொன்னாங்க. தொட்டியில கொட்டைய ரொப்பச் சொன்னாங்க. அப்புறம் மெயின் சுவிட்ச தொடாதீங்க, பெட்டிய மட்டும் அணைங்கன்னாங்க. அணைச்சேன். ஸ்கிரீன் போச்சு. கொஞ்ச நேரம் நின்னு பாத்தாங்க. அப்புறம் பெல்ட்டுக்கும் ரோலருக்கும் நடுவுல கைய விட்டுட்டாங்க.”

“கையையா?”

“முழங்கை வரைக்கும். அவங்கப்பா வாசல்லேருந்து, வேணாம்மா வேணாம்மான்னு கத்தறாரு. திரும்பியே பாக்கல.”

“எவ்ளோ நேரம்?”

“தெரியாது சார். நான் கண்ண மூடிக்கிட்டேன்.”

பெல்ட் நகரவில்லை. கையை எடுத்து, தூசியைத் தட்டிவிட்டு, அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விட்டாராம்.

காஹாங்கிலிருந்து திரும்பும் வழியில், செம்பனைத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி அவரை அழைத்தேன். கோபமா, கவலையா என்று எனக்கே புரியவில்லை.

“ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க? ஒரு குச்சிய வெச்சுப் பாத்திருக்கலாம். ஃபைசால் எத்தனையோ தடவ டெஸ்ட் பண்ணிட்டான். நம்பிக்க இல்லாமதான் போனீங்களா?”

“நம்பிக்க இருந்துச்சு தம்பி. இல்லாட்டி வெச்சிருப்பேனா?”

“அப்ப எதுக்குப் போகணும்? கை போயிருந்தா?”

மறுமுனையில் பேருந்து நிலையத்து இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவில் அவர் நிதானமாகச் சொன்னார்:

“அந்தப் பொண்ணுங்க தினமும் வெச்சாங்க இல்ல?”